கட்டிப்பிடித்துக் காலை வாருவது எப்படி?

தலைப்பைப் பார்த்துவிட்டு அரசியல் கட்டுரை என்று ஆசையாக உட்கார்ந்தவர்கள் மன்னிக்கவும். இது குஸ்தி பற்றியது. நடுவில் அரசியல் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

குஸ்தியே பார்த்திராதவர்கள்கூடத் தமிழில் தினமும் குஸ்தி பாஷைதான் பேசுகிறோம். தேர்தல் வந்தால் ஒருவர் 'கோதாவில் இறங்குகிறார்'. நிருபர்கள் 'கிடுக்கிப்பிடி' கேள்வி கேட்கிறார்கள். தலைவர் 'பிடி கொடுக்காமல்' பதில் சொல்கிறார். 'விட்டுப் பிடிப்போம்' என்று கூட்டணிக் கட்சி காத்திருக்கிறது. ரிசல்ட் வந்ததும் யாரோ ஒருவர் 'மண்ணைக் கவ்வுகிறார்'. கடைசியில் தோற்றவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: ''கூடவே இருந்து காலை வாரிட்டானுங்க!''

இந்தக் கடைசி வாக்கியம்தான் ரொம்ப நாளாக என்னைக் குடைகிறது. வெளியுலகத்தில் ஒருவன் காலை வாருவது துரோகம். அதுவும் தோளில் கை போட்டு, கட்டி அணைத்துக்கொண்டே காலை வாரினால் அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. ஆனால் கோதாவில் அதே காரியத்துக்குக் கைதட்டல், பாயின்ட், சில சமயம் மெடல். வாத்தியார் வைத்து வருஷக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். அதே இரண்டு கை, அதே அணைப்பு, அதே கால். ஓரிடத்தில் வித்தையாக இருப்பது இன்னோரிடத்தில் எப்படி வஞ்சகமாகிறது?

''அது விளையாட்டு சார், இது வாழ்க்கை'' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். அது பதில் மாதிரித் தோன்றும். ஆனால் விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது, வாழ்க்கையில் என்ன இல்லாமல் போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதனால் முதலில் அந்தப் பிடியைப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் இதை 'க்ளின்ச்' என்பார்கள். நாம் கட்டுப்பிடி என்று வைத்துக்கொள்வோம். ('வசூல்ராஜா' படம் பார்த்தவர்களுக்குக் கட்டிப்பிடி வைத்தியம் ஞாபகம் வரும். இது அதற்கு நேர் எதிர்.) இரண்டு பேர் நெற்றியோடு நெற்றி முட்டுகிற தூரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் பிடரியில் ஒருவர் கை. எப்படியாவது எதிராளியின் கக்கத்துக்கு அடியில் கையை நுழைத்துவிட வேண்டும். ஒரு கை நுழைந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் நுழைந்துவிட்டால் அவனுடைய முதுகுக்குப் பின்னால், இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு உள்ளங்கைகளையும் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். விரல்களைக் கோத்துக்கொள்ளக் கூடாது, முறிந்துவிடும்.

இப்போது இடுப்போடு இடுப்பு ஒட்ட வேண்டும். புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். ஒரு அந்நிய ஆளோடு அத்தனை நெருக்கமாக ஒட்டி நிற்கக் கூச்சம். நெஞ்சைக் கொடுத்துவிட்டு இடுப்பைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். தூத்துக்குடிப் பக்கத்து வாத்தியாராக இருந்தால், ''ஏலே, இடுப்ப ஒட்டுலே! நடுவுல பஸ்ஸே போவும் போல இருக்கு!'' என்று சத்தம் வரும். இடைவெளி இருந்தால் எதிராளி அதில் கையை விட்டுத் தப்பித்துவிடுவான்.

இடைவெளி போனதும் அவனுடைய இடுப்பை உங்கள் பக்கம் இழுத்து, உங்கள் நெஞ்சால் அவன் மேலுடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். அவன் வில் மாதிரி வளைவான். பாரம் குதிகாலுக்குப் போகும். அந்தச் சமயத்தில் உங்கள் காலை அவனுடைய காலுக்கு வெளிப்புறமாகக் கொண்டுபோய்க் குதிகாலுக்குப் பின்னால் கொக்கி போட்டு, அந்தப் பக்கமே சாய்த்தால் ஆள் மல்லாக்க விழுவான். அவ்வளவுதான். கட்டிப்பிடித்தாயிற்று, காலை வாரியாயிற்று.

படித்தால் அரை நிமிஷம். கைக்கு வருவதற்கு நூற்றுக்கணக்கான தடவை செய்து பார்க்க வேண்டும். அப்படியானால் நூற்றுக்கணக்கான தடவை ஒருவன் விழ வேண்டும். அவன் யார்?

உங்களுடைய பகைவன் இல்லை. உங்கள் ஜோடி. உங்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ள வந்த இன்னொரு பையன். உங்களுக்குப் பிடி படிய வேண்டும் என்பதற்காகத் தன் முதுகை அவன் கடனாகத் தருகிறான். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். கையை நீட்டி ஊன்றக் கூடாது, ஊன்றினால் முழங்கையோ மணிக்கட்டோ போய்விடும். இதெல்லாம் அவனுடைய வேலை. பத்திரிகையில் படம் வருவது எப்போதும் தூக்கிப் போட்டவனுக்குத்தான். விழுந்து விழுந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் பெயர் எந்த மூலையிலும் இருக்காது.

1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் அளவே இருந்த ஓர் அறையில் ஜூடோ பள்ளியை ஆரம்பித்தார் ஜிகோரோ கானோ. அப்போது அவருக்கு வயது 21. ஜூடோ வகுப்பில் ஆளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் விழுவதற்குச் சொல்லித் தருவார்கள். பின்பக்கம், பக்கவாட்டில், உருண்டு, கையால் பாயைத் தட்டி என்று விழுவதற்கே தனிப் பாடம். கானோ பிற்பாடு தன் கலைக்கு வைத்த தத்துவம், தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது. ஆளைத் தூக்கிக் கீழே போடுகிற கலைக்கு இப்படி ஒரு தத்துவமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பயிற்சிக்கூடத்தில் அது வெறும் நடைமுறை அறிவு. ஜோடியின் முதுகை உடைத்துவிட்டால் நாளைக்கு யாரைப் பிடித்து பழகுவது?

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மல்யுத்தத்தில் ஒரு விதி இருக்கிறது. எதிராளியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அவனைப் பத்திரமாகத் திரும்பத் தரைக்குக் கொண்டுவருவது தூக்கியவனுடைய பொறுப்பு. தொப்பென்று போட்டு அடிபட வைத்தால் தண்டனை தூக்கியவனுக்கு. 'விழுந்தவன் பார்த்து விழுந்திருக்க வேண்டும்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தரத்தில் இருக்கிறவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை, அதனால் அவனுக்குப் பொறுப்பும் இல்லை.

இந்த விதி இல்லாத காலத்தில் மற்போர் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 80-வது பாட்டைப் பாடியவர் சாத்தந்தையார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை வீழ்த்திய கணத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து முதுகுப் பக்கம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய 'க்ளோஸ்-அப்'. பசித்த யானை மூங்கிலை ஒடிப்பது போல இரண்டு முனையும் ஒடிய மோதினான் என்கிறார் புலவர். யார் யாரைப் பத்திரமாக இறக்குவது! இத்தனைக்கும் நடுவில் புலவருக்கு வருகிற கவலை வேறு. இதைப் பார்க்க இவனுடைய அப்பன் தித்தன் இங்கே இல்லையே, அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, வந்து பார்க்க வேண்டுமே என்கிறார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. ஊர் பேர் தெரிந்த மல்லனைக் கட்டிப்பிடித்து வீழ்த்த முடிந்த பிள்ளைக்கு, பெற்ற அப்பனின் அணைப்பு கிடைக்கவில்லை.

அப்பன்களின் அணைப்பிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பாரதப் போர் முடிந்ததும் திருதராஷ்டிரன் என்ன செய்தான்? ''பீமா, வாப்பா, உன்னைக் கட்டிக்கொள்கிறேன்'' என்று கையை விரித்தான். பெற்ற பிள்ளைகளையெல்லாம் கொன்றவனை! கிருஷ்ணன் ஓர் இரும்புப் பொம்மையை முன்னால் தள்ளினான். அணைத்த அணைப்பில் இரும்பு நொறுங்கியது. பெரியவர்கள் 'திருதராஷ்டிர ஆலிங்கனம்' என்று இன்றைக்கும் சொல்வது இதைத்தான்.

ஆமூர் மல்லனுக்கு நேர்ந்ததும் இரும்புப் பொம்மைக்கு நேர்ந்ததும் நசுக்கல்தான். ஆனால் மல்லனுக்கு அது சண்டை என்று தெரியும், தயாராக வந்தான். பீமனுக்கு அது அணைப்பு என்று சொல்லப்பட்டது. வித்தைக்கும் வஞ்சகத்துக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். கோதாவில் காலை வாரப்போகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே கையை நீட்டுகிறார்கள்.

ஆனால் இது மட்டும் போதுமா? தெரிந்தே ஏமாறுகிறவர்கள் உண்டு இல்லையா?

தூத்துக்குடிக்கு வருவோம். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடி - கொழும்பு வழியில் அதுவரை ஏகபோகமாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கட்டணத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம் என்றது. அதற்கும் மேலே, வருகிறவர்களுக்கு ஒரு குடை வேறு இலவசம்! ஊர் வெயிலுக்குக் குடையைவிட அன்பான பரிசு உண்டா? ஜனங்களை வெள்ளைக்காரன் கட்டிப்பிடித்தான். இன்னொரு பக்கம் சுதேசிக் கப்பலின் காலில் கொக்கி விழுந்தது.

குடை வாங்கியவர்களில் பலருக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்காது. போட்டிக் கம்பெனியை ஒழிக்கத்தான் இந்தக் கரிசனம் என்று வ.உ.சி. தரப்பு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறது. தெரிந்துதான் ஏறினார்கள். அப்படியானால் அது நேர்மையான பிடியா? இல்லை என்று மனசு சொல்கிறது. ஏன்?

இங்கே கட்டுப்பிடியில் நான் சொல்லாமல் விட்ட கடைசி நொடியைச் சொல்ல வேண்டும். காலை வாரியதும் அவன் மட்டும் விழுவதில்லை. நீங்களும் விழுகிறீர்கள். கையை மாட்டியிருக்கிறீர்களே, தனியாக நிற்க முடியாது. அவனுடைய முதுகுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது உங்களுடைய கை. நீங்கள் தலையைத் திருப்பாவிட்டால் உங்கள் மூக்கும் போகும். அவனைக் கன்னாபின்னாவென்று விழ வைத்தால் அடி உங்களுக்கும் சேர்த்துத்தான். கட்டுப்பிடி வித்தையாக இருப்பதன் ரகசியம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. வீழ்த்துகிறவனும் கூடவே விழுகிறான்.

இலவசக் குடை கொடுத்த கம்பெனி விழவில்லை. பயணிகள் நாளைக்குப் பழைய கட்டணத்துக்கே திரும்ப வேண்டி வந்தாலும் அதற்கு லாபம்தான். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை. 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. குடைகள் எத்தனை வருஷம் தாங்கினவோ.

அதே கடற்கரையில் இதற்கு எதிரான ஒரு பிடி இருந்தது. முத்துக் குளிப்பு. மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுகளாக நடந்து, 1955-லிருந்து 1961 வரை நடந்த குளிப்போடு தூத்துக்குடியில் ஓய்ந்துபோன தொழில். குளிப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு, காலில் கல்லின் பாரத்தோடு அடிக்குப் போவார். கைக்குக் கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டுவார். மேலே தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். மூச்சுக் கணக்கில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே. மேலே இருப்பவர் அந்த நேரம் பார்த்துப் பீடி பற்றவைத்தால் கீழே இருப்பவர் கதை முடிந்தது.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மச்சான் கையில் கொடு என்பார்கள் இந்தப் பக்கத்தில். மனைவியின் உடன்பிறந்தவன். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு கணக்கு இருக்கலாம். சிநேகிதனுக்குப் பொறாமை இருக்கலாம். மச்சானுக்கு அப்படி இல்லை. கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவனுடைய அக்காவோ தங்கச்சியோ. கீழே இருப்பவன் மூழ்கினால் மேலே இருப்பவன் வீடும் சேர்ந்து மூழ்கும்.

இதைக் கேட்டால் சிலருக்கு முகம் சுளிக்கும். பாசத்தை நம்பாமல் இப்படிக் கணக்குப் போடுவதா என்று. எனக்கு என்னவோ, கடலுக்கு அடியில் போகிறவனின் இந்தக் கணக்கில் பெரிய ஞானம் இருப்பதாகத் தோன்றுகிறது. 'இவன் என்னை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறான்' என்று அவன் கேட்கவில்லை. 'நான் போனால் இவனுக்கு என்ன போகும்' என்று கேட்டான். கட்டிப்பிடிக்க வருகிற எல்லோரையும் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அவசரத்துக்குப் பணம் என்று போய் நின்றால், ''நம்ம அண்ணாச்சி இருக்கும்போது என்ன கவலை தம்பி'' என்று தோளில் கை போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குத் தடைச்சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அண்ணாச்சிகள் காணாமல் போகவில்லை. இப்போது செல்போனுக்குள்ளேயே குடிவந்துவிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் கடன், பேப்பர் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். எவ்வளவு இதமான அணைப்பு! நீங்கள் விழும் நாளில் அந்த அணைப்புக்காரருக்கு ஒரு கீறலும் விழாது. கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார், தெரிந்துதான் வாங்கினார் என்பார்கள். குடை வாங்கியவர்களும் தெரிந்துதான் வாங்கினார்கள்.

இங்கே கூர்மையான வாசகர்கள் என்னை மடக்குவார்கள். ''கூடவே விழுகிறவன் பிடித்தால் அது நியாயமான பிடி என்கிறீர்கள். அப்படியானால் பெற்றவர்கள் பிடிப்பதெல்லாம் நியாயம்தானா? பிள்ளை கெட்டால் அவர்களும் சேர்ந்துதானே விழுகிறார்கள்?''

நல்ல கேள்வி. இதற்குப் பதில் குஸ்தியைவிடக் கபடியில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்களில் கட்டுப்பிடி பழகுகிற இடமும் பெரும்பாலும் அதுதான். அங்கே குஸ்திக் கோதாவைவிடக் கபடிக் களம் அதிகம்.

அந்த மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து வந்தவர் கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2025-ல் வந்த மாரி செல்வராஜின் 'பைசன்' படம் அவருடைய வாழ்க்கையை அடியொற்றியது. அவர் ஆடி வளர்ந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தென் மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் ஊர் ஊராகப் பற்றி எரிந்த வருஷங்கள். டீக்கடையில் ஒரே கிளாஸில் குடிக்க மாட்டேன் என்கிற ஊர்களில், தொடாமல் ஆடவே முடியாத ஓர் ஆட்டம். எதிரணியில் வருகிறவன் எந்தத் தெருக்காரன் என்று பார்த்துக்கொண்டு அவன் கணுக்காலைப் பிடிக்க முடியாது. அவன் வியர்வை உங்கள் மேல், உங்கள் வியர்வை அவன் மேல். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். கபடி சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. களத்துக்குள் ஒரு மனிதனை எப்படித் தொட வேண்டும் என்று அது விதி வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த விதிகளைப் பாருங்கள். பாடி வருகிறவனின் காலைப் பிடிக்கலாம், இடுப்பைக் கட்டலாம், ஏழு பேரும் சேர்ந்து அமுக்கலாம். முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. காலால் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னி மடக்கக் கூடாது. முக்கியமாக, அவன் வாயைப் பொத்தக் கூடாது. கழுத்தை நெரித்து அவன் பாட்டை நிறுத்தக் கூடாது. அவனுடைய மூச்சு தானாக ஓய்ந்தால் அவுட். நீங்கள் ஓய வைத்தால் ஃபவுல். விசில் ஊதியதும் ஏழு பேரும் கையை எடுத்துவிட வேண்டும்.

ஜூடோவில், ஜியு-ஜிட்ஸுவில் விசில்கூடத் தேவையில்லை. மாட்டிக்கொண்டவன் பாயிலோ உங்கள் உடம்பிலோ இரண்டு தட்டு தட்டினால் போதும். ஏன், எதற்கு என்ற விசாரணை கிடையாது. 'இன்னும் கொஞ்சம் தாங்குவே, எனக்குத் தெரியும்' என்ற பேச்சு கிடையாது. எவ்வளவு வலிக்கிறது என்று முடிவு செய்வது வலிக்கிறவன்தான். தட்டிய பிறகும் விடாதவனோடு அடுத்த நாள் யாரும் ஜோடி சேர மாட்டார்கள்.

பெற்றவர்களின் பிடிக்குத் திரும்புவோம். வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்பதற்காக ஒரு பெண்ணை அறையில் பூட்டுகிறார்கள். செல்போனைப் பிடுங்குகிறார்கள். 'உன் நல்லதுக்குத்தாம்மா' என்று அழவும் செய்கிறார்கள். அந்த அழுகை நடிப்பு இல்லை. அவள் போனால் ஊர் முன்னால் நாமும் விழுந்துவிடுவோம் என்று நிஜமாகவே நடுங்குகிறார்கள். கூடவே விழுகிறவர்கள்தான். ஆனால் அவள் தட்டிக்கொண்டே இருக்கிறாள், யாரும் கையை எடுக்கவில்லை. வாயையும் பொத்தியாயிற்று. பாசம் எத்தனை நிஜமாக இருந்தாலும் அந்தக் கணத்தில் அது கபடிக் களத்தின் நியாயத்துக்குக்கூட வரவில்லை. அப்படிப்பட்ட பிடிகள் நம் ஊரில் கொலையில் போய் முடிந்திருப்பதை வருஷா வருஷம் செய்தித்தாளில் பார்க்கிறோம்.

அப்படியானால் பிடியைச் சீக்கிரம் விட்டுவிடுவதுதான் நல்லதா? அதற்கும் குஸ்தியில் ஒரு கதை இருக்கிறது.

2000-ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸ். கிரேக்கோ-ரோமன் மல்யுத்தம், 130 கிலோ பிரிவு இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரேலின். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்ஸ் தங்கம். 13 வருஷமாகச் சர்வதேசப் போட்டிகளில் தோல்வி என்பதே கிடையாது. எதிரில் அமெரிக்காவின் ரூலன் கார்ட்னர், ஒரு பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் பாதியில் இரண்டு பேருக்கும் பாயின்ட் இல்லை. அப்போது புதிதாக ஒரு விதி இருந்தது. அப்படி முடிந்தால் இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு கட்டிப்பிடித்த நிலையில் அடுத்த பாதியை ஆரம்பிக்க வேண்டும். யார் கைப்பிணைப்பு முதலில் விலகுகிறதோ அவர் ஒரு பாயின்ட் இழப்பார். கரேலினின் கைகள் ஒரு கணம் விலகின. ஒரே ஒரு கணம். 1-0. உலகமே அசைக்க முடியாது என்று நினைத்த மனிதர் தோற்றது, யாரும் அவரைத் தூக்கிப் போட்டதால் இல்லை. பிடியை விட்டதால்.

தட்டினால் விடு என்கிறது ஒரு விதி. விட்டால் தோற்றாய் என்கிறது இன்னொரு விதி. முரண்பாடு மாதிரி இருக்கிறது. தமிழில் யோசித்தால் முடிச்சு அவிழ்கிறது. 'விடு' என்ற ஒரே வேரிலிருந்து நமக்கு இரண்டு சொற்கள். ஒன்று கைவிடுதல், இன்னொன்று விடுதலை. பிடித்திருப்பவனுக்கு அலுத்துப்போய் விட்டால் அது கைவிடுதல். பிடிபட்டவன் கேட்டு விட்டால் விடுதலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் கை விலகுவது ஒரே மாதிரிதான் தெரியும். யாருக்காக விலகியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோணியில் கயிறு பிடித்தவன் அலுப்பில் விட்டால் கொலை. அறைக்குள் தட்டுகிற பெண்ணுக்குக் கதவைத் திறந்து விட்டால் அதற்குப் பெயர் வேறு.

1912 டிசம்பரில் வ.உ.சி. கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். அரசாங்கம் அதை விடுதலை என்றது. ஒரு காலத்தில் அவர் கைதானார் என்பதற்காகக் கொதித்தெழுந்த நெல்லைச் சீமை அன்றைக்கு அந்த வாசலில் திரண்டு நிற்கவில்லை. கப்பல் இல்லை, வக்கீல் தொழிலுக்கு அனுமதி இல்லை, அதன் பிறகு வறுமையோடு நெடுநாள் மல்லுக்கட்டினார். விடுதலையும் கைவிடப்படுவதும் ஒரே வாசலில் ஒரே மனிதருக்கு நடந்தது. 2011-லிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான். பெயர் வைப்பது சுலபம். அந்த வாசலில் போய் நின்றிருந்தால்தான் நாம் கயிற்றைப் பிடித்திருந்தோம் என்று அர்த்தம்.

ஆக, கட்டிப்பிடித்துக் காலை வாருவது எப்படி? மறைக்காமல் செய்யுங்கள். கூடவே விழத் தயாராக இருங்கள். தட்டினால் அந்தக் கணமே விடுங்கள். இத்தனையும் கோதாவில் பதினைந்து வயசுப் பையன்களுக்குச் சர்வசாதாரணம். வெளியே நாற்பது, ஐம்பது வயசில் நமக்குத்தான் வர மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் அந்தப் பையன்கள் செய்கிறார்கள். ஒருவன் பத்துத் தடவை வீழ்த்தி முடித்ததும், கீழே கிடப்பவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். அவன் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுகிறான். பிறகு எதிரில் போய் நின்று, இரண்டு கையையும் தளர்த்திக்கொண்டு சொல்கிறான்:

''வா மாப்ளே, இப்ப நீ என்னப் போடு.''